மகனின் விற்றமின் டி 19. கர்ப்ப காலத்தில் நான் விட்ட பிழையா இது?

பருத்தித்துறையாள் எழுதியது (நவம்பர்):

எல்லோருக்கும் வணக்கம். நோர்வேயின் வடக்கே, த்ரொம்சோவில் இருந்து எழுதுகிறேன். மகனுக்கு வரும் பெப்ரவரியில் ஏழு வயதாகிறது. இரண்டு கிழமைகளாக எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஓகஸ்டில்தான் முதலாம் வகுப்புக்குப் போனான். ஒக்டோபரில் ஆசிரியை என்னைக் கூப்பிட்டுப் பேசினார். ஓர் இடத்தில் இருக்கிறான் இல்லையாம். வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்கும் பிள்ளையைத் தள்ளுகிறானாம். வெளியே விளையாடப் போகும் நேரம் வந்தால் பனிக்காற்சட்டையைப் போடமாட்டேன் என்று தரையில் விழுந்து அழுகிறானாம். பேச்சும் அவனுக்குப் பிந்தித்தான் வந்தது. மூன்று வயதுக்குப் பிறகே இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துப் பேசினான். வீட்டில் தமிழ், வெளியே நோர்வே மொழி, அதனால்தான் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரவில் கால் நோகிறது என்று எழும்பி அழுவதால் குடும்ப வைத்தியரிடம் கூட்டிப்போனேன். குருதிப் பரிசோதனையில் விற்றமின் டி 19 என்று வந்தது. 50க்கு மேல் இருக்க வேண்டுமாம்.

அன்று இரவு இணையத்தில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. தாய்க்கு விற்றமின் டி குறைந்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கும், ஓட்டிசம் வரும், பெரியவனானால் மனச்சிதைவு வரும் என்று பக்கம் பக்கமாக இருந்தது. இவன் வயிற்றில் இருந்தபோது எனக்கு ஆறு மாதம் ஓயாத வாந்தி. மருத்துவிச்சி ஒவ்வொரு முறையும் விற்றமின் டிக்காக மீன் ஈரல் எண்ணெய் குடிக்கச் சொன்னார். ஒரு போத்தல் வாங்கினேன். மூடியைத் திறந்தாலே குமட்டும். அதைக் குளிர்சாதனப் பெட்டியின் பின்வரிசையில் தள்ளிவைத்தேன். பிள்ளை பிறந்த பிறகும் அது அங்கேயேதான் இருந்தது.

இவனுக்குக் கொடுத்த துளி மருந்தையும் மூன்றாம் மாதத்தில் நிறுத்திவிட்டேன். அம்மா ஊரிலிருந்து தொலைபேசியில், "நல்லெண்ணெய் தேய்த்து இளவெயிலில் கிடத்து பிள்ளை, மருந்து எதற்கு?" என்றார். ஊரில் முற்றத்தில் பாயைப் போட்டால் போதும். இங்கே ஏப்ரலிலும் முழங்காலளவு பனி. வரவேற்பறையின் பெரிய யன்னலுக்குக் கீழே கம்பளியை விரித்து அவனைக் கிடத்தினேன். வெயில் தரையில் நகர நகர, கம்பளியைப் பிடித்து அவனையும் இழுத்து இழுத்து வைத்தேன். வெளியே மைனஸ் ஆறு. உள்ளே அவனுடைய எண்ணெய் பூசிய வயிற்றில் மஞ்சள் வெளிச்சம். அதைப் பார்த்து என் மனம் நிறைந்துபோனது. யன்னல் கண்ணாடி அந்தக் கதிரை மறித்துவிடும் என்று இப்போதுதான் படிக்கிறேன்.

என் கேள்விகள் இவைதான். இந்தக் குறைபாடு உண்மையிலேயே மூளையையும் நடத்தையையும் பாதிக்குமா? இப்போது மருந்து கொடுத்தால் திரும்பச் சரிவருமா? சென்னையில் இருக்கும் மைத்துனி 60,000 அலகு விற்றமின் டி பவுடர் அனுப்புவதாகச் சொல்கிறாள். கொடுக்கலாமா? கணவரோடு இதைப் பேச முடியவில்லை. "நடந்ததை விடு" என்கிறார். என்னால் விட முடியவில்லை.

பின்மார்க் மாமி எழுதியது:

பிள்ளை, முதலில் முகத்தைக் கழுவிவிட்டு ஒரு தேத்தண்ணீர் குடி. பிறகு இதை வாசி.

நான் 1988இல் நோர்வேயின் வடகோடியில் இருக்கும் பின்மார்க்குக்கு வந்தவள். மீன் தொழிற்சாலையில் பதினாறு வருடம் வெட்டினேன். காலையில் இருட்டில் போய், பின்னேரம் இருட்டில் வருவோம். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை சூரியனே கிடையாது. எங்களோடு வேலை செய்த நோர்வேப் பெண்கள், வேலை முடிந்ததும் கொட் மீனின் ஈரலையும் சினையையும் சின்ன வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். மீன், ஈரல், சினை மூன்றையும் அவித்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். மோல்யே என்பார்கள். எங்கள் ஆட்கள் மீனை எடுத்தோம், ஈரலைத் தொடவில்லை. மணம் பிடிக்கவில்லை. இந்த ஊர்க்காரருடைய வெயில் அந்த வாளியில்தான் இருந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லவும் இல்லை.

எனக்கு முழங்காலும் இடுப்பும் நொந்து, படியில் ஏற முடியாமல் போன பிறகுதான் வைத்தியர் இந்தக் குறைபாட்டைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு என் வீட்டில் சட்டம் போட்டேன். செப்டெம்பர் தொடங்கி ஏப்ரல் வரை தினமும் காலையில் ஒரு கரண்டி மீன் ஈரல் எண்ணெய். இங்குள்ள பழைய ஆட்கள், பெயரில் 'ர' சத்தம் வரும் மாதமெல்லாம் குடிக்க வேண்டும் என்பார்கள். போத்தலை நன்றாகக் குளிரவைத்தால் மணம் பாதியாகும். கரண்டி வாயைவிட்டு வெளியே வரும்போதே ஒரு தோடம்பழத் துண்டு உள்ளே போக வேண்டும்.

இன்னொன்றையும் கேள். எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் எண்ணெயைத் துப்பிவிடுவாள், ஆனால் பாடசாலையில் அமைதியாக இருந்தாள். இரண்டாமவன் ஒரு நாளும் தவறாமல் குடித்தான், அவன்தான் மேசைமேல் ஏறி நின்றான். ஆசிரியர் மாதத்துக்கு ஒருமுறை என்னைக் கூப்பிட்டார். இன்று அவன் மின்னியலாளர், அவனுக்கும் ஒரு பிள்ளை. எண்ணெயைக் கட்டாயம் கொடு. பிள்ளையின் சுபாவம் முழுவதையும் அந்த எண்ணெயின் தலையில் போட்டு உன்னையே அடித்துக்கொள்ளாதே.

ஆய்வுகூடத்தான் எழுதியது:

தங்கச்சி, நான் ஒஸ்லோவில் ஒரு வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். வைத்தியர் அல்ல. ஆனால் தினமும் இந்த எண்களைத்தான் பார்க்கிறேன். இந்த ஆய்வுகளை எடுத்துப் படிப்பது என் பழக்கமும்கூட.

முதலில் அந்த 19ஐப் பார்ப்போம். நோர்வேயில் ஒரு லீற்றருக்கு இத்தனை நனோமோல் என்ற கணக்கு. இந்தியாவில் ஒரு மில்லிலீற்றருக்கு இத்தனை நனோகிராம் என்ற கணக்கு, இங்குள்ள எண்ணை 2.5ஆல் வகுக்க வேண்டும். உங்கள் மகனுடையது அங்கே 7.6 என்று வரும். இரண்டு கணக்கிலும் அது குறைவுதான், நோர்வேக் கணக்கில் 25க்குக் கீழே போனால் கடும் குறைபாடு என்பார்கள். ஆகவே நடத்தை எப்படி இருந்தாலும், எலும்புக்காகவே இதை நிரப்பியாக வேண்டும். அதில் விவாதமே இல்லை.

நீங்கள் தனியாள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒஸ்லோவில் வாழும் இலங்கையரையும் கண்டியில் வாழ்பவர்களையும் ஒப்பிட்டு 2008இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கண்டியில் சராசரி 54.2, ஒஸ்லோவில் 31.5. ஒஸ்லோவே இப்படி என்றால், ஒக்டோபர் தொடங்கி மார்ச் வரை தோலில் விற்றமின் டி உருவாகாத த்ரொம்சோவில் ஒரு தமிழ்த் தாய்க்கு அது குறைந்திருந்தால், அதை அவருடைய கவனக்குறைவு என்று நான் சொல்லமாட்டேன்.

இப்போது மூளை. இணையத்தில் நீங்கள் படித்தது முழுப் பொய் இல்லை, அதனால்தான் பயமுறுத்துகிறது. விற்றமின் டி பெயரளவில்தான் விற்றமின். உடலில் அது ஒரு ஹோர்மோன்போல வேலை செய்கிறது. தோலில் உருவாகி, ஈரலில் ஒருமுறையும் சிறுநீரகத்தில் ஒருமுறையும் மாற்றப்படுகிறது. அதை ஏற்கும் வாங்கிகள் மனித மூளையிலும் இருக்கின்றன, டோபமைன் என்ற செய்தி கடத்தும் பொருளைச் சுரக்கும் பகுதியிலும் இருக்கின்றன. அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் டரில் ஐல்ஸ், ஜோன் மெக்ராத் குழுவினர் தாய் எலிகளுக்கு விற்றமின் டி கிடைக்காமல் செய்து, பிறந்த குட்டிகளின் மூளையைப் பார்த்தார்கள். 2003இல் அது வெளிவந்தது. மூளைக்குள் திரவம் நிற்கும் அறைகள் பெருத்திருந்தன, மேற்பட்டை மெலிந்திருந்தது, நரம்பு வளர உதவும் சில புரதங்கள் குறைந்திருந்தன. ஆக, வழி ஒன்று இருக்கிறது என்பது தெரிகிறது. ஆனால் அந்த எலிகளுக்கு விற்றமின் டி அறவே இல்லை. உங்களுக்குக் குறைவு. இரண்டும் ஒன்றல்ல.

மனிதர்களில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு டென்மார்க்கில் நடந்தது. என் தொழிலோடு அது தொடர்புடையது. பிறந்த குழந்தையின் குதிக்காலில் குத்தி, தடித்த தாளில் சில துளி குருதி எடுப்பார்கள், உங்கள் மகனுக்கும் எடுத்திருப்பார்கள். காய்ந்தால் துருப்பிடித்த நாணயம்போல ஒரு வட்டம் நிற்கும். டென்மார்க்கில் அந்தத் தாள்களை 1980களிலிருந்து பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பிற்காலத்தில் மனச்சிதைவு வந்தவர்களின் தாள்களை எடுத்து, அவர்கள் பிறந்த சில நாட்களில் குருதியில் விற்றமின் டி எவ்வளவு இருந்தது என்று அளந்தார்கள். 2018இல் வந்த ஆய்வில் நோயாளிகள் மட்டும் 1,301 பேர். அளவு மிகக் குறைந்திருந்த ஐந்தில் ஒரு பங்கினருக்கு ஆபத்து 44 சதவீதம் கூடியிருந்தது. இந்த 44 என்ற எண்தான் உங்கள் நித்திரையைக் கெடுத்திருக்கும். நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வரும் நோய், ஒன்றரைப் பேருக்கு வருவது என்பதுதான் அதன் பொருள். மற்ற தொண்ணூற்றெட்டுப் பேரும் குறைபாட்டோடு பிறந்து நலமாக இருப்பவர்கள்.

உங்கள் மகனுக்குக் கிட்டே வரும் ஆய்வு, மேற்கு அவுஸ்திரேலியாவில் நடந்தது. 2012இல் வெளியானது. கர்ப்பத்தின் 18ஆம் கிழமையில் தாயின் அளவைப் பார்த்து, பிள்ளைகளைப் பதின்வயது வரை தொடர்ந்தார்கள். அளவு மிகக் குறைந்த தாய்மாரின் பிள்ளைகளில் மொழிச் சிக்கல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனால் நடத்தையிலும் உணர்ச்சியிலும் தொடர்பு தெரியவில்லை. கொலம்பியாவின் பொகோட்டாவிலோ நேர்மாறு. 5 முதல் 12 வயதுப் பிள்ளைகளை 2006இல் சேர்த்து, சில வருடங்கள் கழித்துப் பார்த்தபோது, குறைபாடு இருந்தவர்களிடம் முரட்டுத்தனமும் விதி மீறலும் ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தெரிந்தன. ஓர் ஊரில் தெரிவது மற்ற ஊரில் தெரியாதபோது நான் நிதானிப்பேன்.

ஏனென்றால் இவை எல்லாம் பார்த்து எழுதிய ஆய்வுகள், கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் அல்ல. உங்கள் கடிதத்திலேயே ஒரு வரி இருக்கிறது: பனிக்காற்சட்டை போடமாட்டேன் என்று தரையில் விழுந்து அழுகிறான் என்று. உடையின் உறுத்தலைத் தாங்க முடியாத பிள்ளை வெளியே போகாது. வெளியே போகாத பிள்ளைக்குக் கோடையிலும் விற்றமின் டி ஏறாது. எது முதலில் வந்தது?

கொடுத்துப் பார்த்தவற்றில் ஹெல்சிங்கி ஆய்வைச் சொல்லலாம். இரண்டு கிழமை வயதிலிருந்து இரண்டு வயது வரை, ஒரு பகுதியினருக்குத் தினமும் 400 அலகும் மறு பகுதியினருக்கு 1,200 அலகும் கொடுத்தார்கள். ஆறு முதல் எட்டு வயதில் பெற்றோரிடம் கேட்டபோது, பயம், சோகம், ஒடுங்கிப்போதல் போன்றவை முதல் பகுதியில் 11.8 சதவீதம், மறு பகுதியில் 5.6. ஆனால் தள்ளுவது, அடங்காமை போன்றவற்றில் வேறுபாடு இல்லை. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குக் கொடுத்து நல்ல பலன் என்று எகிப்திலிருந்து வந்த ஆய்வு ஒன்று இணையம் முழுவதும் பரவியிருக்கிறது. அதை வெளியிட்ட இதழே பின்னர் அதை விலக்கிக்கொண்டது. அதை நம்பி யாரும் மருந்து வாங்க வேண்டாம்.

வைத்தியரிடம் நீங்கள் கேட்க வேண்டியது: கல்சியம், பொஸ்பேற், அல்கலைன் பொஸ்பற்றேஸ், பாராதைரொயிட் ஹோர்மோன் பார்த்தார்களா? கால் நோவு என்பதால் எலும்பு மென்மை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரிற்றின், அதாவது இரும்புச் சேமிப்பு, பார்த்தார்களா? இரவில் கால் அலைவதற்கும் பகலில் ஓர் இடத்தில் இருக்க முடியாமைக்கும் இரும்புக் குறைபாடு காரணமாகலாம். பேச்சு பிந்திய பிள்ளை என்றால் காதையும் பார்க்க வேண்டும். 19 என்ற எண்ணைக் கண்டவுடன் மற்றக் கதவுகளைச் சாத்திவிடுவதுதான் எனக்குப் பயம்.

அடையாறு அப்பா எழுதியது:

சகோதரி, உங்கள் மைத்துனி அன்பில்தான் சொல்கிறார். ஆனால் அந்த 60,000 பவுடரைக் கொடுக்காதீர்கள். இதைச் சொல்வதற்காகவே கணக்குத் திறந்து எழுதுகிறேன்.

என் மகளுக்கு ஒன்பது வயதில் வைட்டமின் டி குறைவு என்று தெரிந்தது. வாரம் ஒரு பாக்கெட் என்று மருத்துவர் எழுதினார். சீட்டில் இருந்தது எங்களுக்குப் புரியவில்லை, கடையிலும் யாரும் விளக்கவில்லை. நானும் மனைவியும் வேலைக்குப் போய்விட, என் அம்மா தினமும் பாலில் கலக்கிக் கொடுத்திருக்கிறார். பதினாறு நாள். குழந்தை தண்ணீர் தண்ணீர் என்று குடித்தாள். இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்தாள். பிறகு வாந்தி, மலச்சிக்கல், பேச்சில் ஒரு மந்தம். ரத்தத்தில் கால்சியம் ஏறிவிட்டது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சிறுநீரகம் தப்பித்தது. என் அம்மா இன்றும் அந்தப் பேச்சை எடுத்தால் அழுகிறார்.

உங்கள் மகனுக்கு நோர்வேயில் சொல்லும் தினசரி அளவு 10 மைக்ரோகிராம், அதாவது 400 அலகு. ஒரு பாக்கெட்டில் 150 நாள் அளவு இருக்கிறது. அதை எப்போது, எத்தனை முறை என்று உங்கள் மருத்துவர் தவிர யாரும் சொல்லக் கூடாது.

இன்னொன்று, வெயில் உள்ள ஊர் என்று எங்களை நினைத்து ஏங்காதீர்கள். 2016-18இல் நாடு முழுக்க எடுத்த ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் 24 சதவீதத்தினருக்கு வைட்டமின் டி குறைபாடு. திருப்பதியில் ஆராய்ந்து பார்த்ததில், தோலில் அது நன்றாக உருவாவது பகல் 11 மணியிலிருந்து 2 மணி வரை. அந்த நேரம் எங்கள் பிள்ளைகள் வகுப்பறையில் இருக்கிறார்கள். இளவெயிலில் கிடத்தும் பழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு. உங்கள் அம்மா சொன்னதில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. நீங்கள் கம்பளியை இழுத்து இழுத்து வைத்ததைப் படித்து என் மனைவி அழுதுவிட்டாள்.

பருத்தித்துறையாள் எழுதியது (மார்ச்):

உடனே பதில் எழுத முடியவில்லை, மன்னியுங்கள். இந்த மூன்று மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

பவுடரை அனுப்ப வேண்டாம் என்று மைத்துனியிடம் சொல்லிவிட்டேன். ஆய்வுகூடத்து அண்ணா எழுதியதைத் தாளில் எழுதிக்கொண்டு வைத்தியரிடம் போனேன். கல்சியம் சரி. எலும்புப் படமும் சரி, பெரிதாக வளையவில்லை. காது சரி. பெரிற்றின் 8, மிகக் குறைவு. வைத்தியரே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரும்புப் பாணியும் விற்றமின் டி துளியும் எழுதித் தந்தார்.

போன கிழமை திரும்பப் பார்த்தோம். விற்றமின் டி 68. கால் நோவு நின்றுவிட்டது. இரவு முழுக்கத் தூங்குகிறான், முன்பு போர்வையைக் காலால் உதைத்துச் சுவரோரம் தள்ளிவிடுவான், இப்போது காலையிலும் அது அவன்மேல் கிடக்கிறது. இது இரும்பாலா, துளியாலா, நாள் நீண்டதாலா என்று வைத்தியரிடம் கேட்டேன். பிரித்துச் சொல்ல முடியாது என்றார். நேர்மையான பதில் என்று பட்டது.

வகுப்பில் இன்னும் தள்ளுகிறான். பேச்சும் பின்தங்கித்தான் இருக்கிறது. பாடசாலை உளவியல் சேவையில் பரிசோதிக்கப் பெயர் கொடுத்திருக்கிறோம், கிழமைக்கு இரண்டு முறை மொழி ஆசிரியை தனியே உட்கார்ந்து பேசுகிறார். ஆசிரியையிடம் உடையின் உறுத்தலைப் பற்றிச் சொன்னேன். மற்றப் பிள்ளைகள் எழும்புவதற்கு ஐந்து நிமிடம் முன்பே அவனை நடைபாதைக்கு விடுகிறார். சத்தமில்லாத இடத்தில், காலுறையின் தையலை வெளிப்பக்கம் திருப்பி, தானே ஒவ்வொன்றாகப் போடுகிறான். ஜனவரி 21இல் சூரியன் மலைக்கு மேலே திரும்ப வந்த நாளில், வகுப்பே அந்த நாளுக்கென்று செய்யும் சூரிய பன்னைச் சாப்பிட்டுக்கொண்டு வெளியே ஓடியபோது அவனும் ஓடினானாம். ஆசிரியை படம் அனுப்பினார். தொப்பி இல்லை, ஆனால் பனிக்காற்சட்டை இருந்தது.

என் குருதியையும் பரிசோதித்தேன். 22. ஏழு வருடமாக வரும் என் முதுகு நோவையும் இப்போதுதான் யோசிக்கிறேன்.

பின்மார்க் மாமி எழுதியது:

22ஆ? பிள்ளைக்கு ஓடித் திரிந்து உன்னை விட்டுவிட்டாய். நீயும் வைத்தியரைக் கேட்டுக் குடி. மே மாதம் வந்தால் மத்தியானத்தில் கையையும் காலையும் கொஞ்சம் திறந்து வெளியே நட.

பருத்தித்துறையாள் எழுதியது:

குடிக்கிறேன் மாமி. போத்தல் இப்போது முன்வரிசையில் நிற்கிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு கரண்டியை வாயில் வைக்கும்போது, மகன்தான் தோடம்பழத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு காத்து நிற்கிறான்.